பாலத்தில் பழுப்பாக ஒன்று

சிடியா டாப்பு, தெற்கு அந்தமான்
31 ஜனவரி 2025

அன்புள்ள மகேஷுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் உங்கள் இருக்கை காலியாகவே இருந்தது. அதில் என் கைப்பையை வைத்திருந்தேன். பணிப்பெண் வந்து, பையைக் கீழே வையுங்கள், அந்த இடம் பயணிக்கு உள்ளது என்றாள். பயணி தி. நகரில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. பையை எடுத்துக் கீழே வைத்தேன்.

போனில் பேச வேண்டாம் என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. இங்கே சிக்னல் கிடையாது. லாட்ஜ் ஆபீசில் மட்டும் சாயங்காலம் நெட் வருகிறது, ஒரு மெயில் அனுப்பும் அளவுக்கு. போனில் என்றால் நமக்கு எடுத்த எடுப்பிலேயே சண்டை வந்துவிடுகிறது. எழுதும்போது டைப் அடித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது. மீதியை நீங்கள் அங்கே வைத்து ஆற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னதை இங்கே மறுபடியும் எழுதுகிறேன். ஆட்டோக்காரர் அடித்த ஹாரனில் உங்கள் காதில் விழுந்ததோ என்னவோ. வியாழக்கிழமை விமானத்தில் நீங்கள் வந்தால் இருவரும் சேர்ந்து வீடு திரும்புவோம். வராவிட்டால் நான் மந்தைவெளிக்குத் திரும்ப மாட்டேன். கொட்டிவாக்கத்தில் என் தோழி சகினா வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது, சாவி என் பையில் இருக்கிறது. மிரட்டுவதற்காக எழுதவில்லை. ஒவ்வொரு தை மாதமும் இந்தத் தீவுக்கு டிக்கெட் போடுகிறோம். ஒவ்வொரு தையிலும் கடையில் முகூர்த்தக் கூட்டம், டிக்கெட் ரத்து. தை வந்தால் முகூர்த்தம் வரும் என்பது டிக்கெட் போடும்போதே நம் இருவருக்கும் தெரியும். இந்தத் தடவை நான் ரத்து செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று லாட்ஜுக்குப் பின்னால் ஒரு செண்பகம் பார்த்தேன். நம் ஊர் செண்பகம் மாதிரியே நடை, அதே திருட்டு முழி. ஆனால் உடம்பெல்லாம் வெளிறிப்போய், முதல் சலவையிலேயே சாயம் போன மாதிரி இருந்தது. உங்கள் கடைச் சரக்கோ என்று நினைத்தேன். வெண்தலை மைனாவும் நீண்ட வால் கிளியும் கூட்டமாக இருக்கின்றன. எதையும் நம் பறவைக் கணக்கில் சேர்க்கவில்லை. இருவரும் பார்த்தால்தான் பார்த்தது என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தானே சட்டம் போட்டீர்கள். கிண்டி சிறுவர் பூங்கா வேலியோரம் நான் பார்த்து, நீங்கள் திரும்புவதற்குள் பறந்துபோன ஆறுமணிக்குருவியை இன்றுவரை நான் சேர்க்கவில்லை. ஆகவே இங்கே இப்போதைக்கு எல்லாமே அரைப் பறவைகள். வந்து முழுசாக்குங்கள்.

உங்கள் நீலப் பையை நானே கட்டி என்னோடு எடுத்து வந்துவிட்டேன். வியாழக்கிழமை கடையிலிருந்து நேரே கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.

எதிர்பார்ப்புடன்,
அனுப்ரியா


மந்தைவெளி
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அனுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது செடி இல்லை, நீ காயப்போட்ட கறிவேப்பிலைக் கட்டு என்று எதிர் வீட்டு விஜயலக்ஷ்மி அம்மா சொன்னார்கள். மறுநாளிலிருந்து சரியான தொட்டிக்கு ஊற்றுகிறேன்.

வியாழக்கிழமை நான் வருவேன். கட்டாயம். அப்பாவிடம் நாளைக்குச் சொல்கிறேன். இன்றே சொல்லியிருப்பேன், சரக்கு லாரி வந்து நின்றுவிட்டது, நேரம் அமையவில்லை. அம்மா தினமும் தூக்குச் சட்டியில் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். "ஏல, அவ அங்க தனியா என்னத்தத் திங்குதாளோ" என்று உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நீ நினைக்க வேண்டாம். அப்பா விஷயம் வேறு, அது உனக்குத் தெரியும்.

நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். இன்று காலை அடையாற்று முகத்துவாரத்துக்கு, நம் உடைந்த பாலத்துக்குப் போயிருந்தேன். எத்தனை நாளாயிற்று. தண்ணீர் வற்றி மணல் திட்டு நன்றாக வெளியே தெரிந்தது. ஓரத்தில் பட்டாணி உப்புக்கொத்தி ஒரு கூட்டம். கண்ணைச் சுற்றி அந்த மஞ்சள் வளையம் இருக்கிறதே, பைனாகுலரில் மோதிரம் போட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். நீ சொல்வது மாதிரி நான் ஒன்றும் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை.

முதலை இருக்கிறது என்கிறார்கள், தண்ணீரில் இறங்காதே.

உன்,
மகேஷ்


சிடியா டாப்பு
4 பிப்ரவரி 2025

அன்புள்ள மகேஷுக்கு,

தண்ணீரில் இறங்கவில்லை. கடற்கரையில் முதலைப் படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு மீன்கொத்தி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதுவும் அரைப் பறவைதான்.

இங்கே என்னைக் காட்டுக்குள் கூட்டிப்போவது ஜெயபாரதி என்ற பெண். போர்ட் பிளேரில் பிறந்தவள், அப்பா அம்மா ராமநாதபுரத்துக்காரர்கள். ஜீப்பும் ஓட்டுவாள், வாயும் ஓட்டுவாள். நேற்று, "அக்கா, கருமரங்கொத்தி ராத்தங்குற பொந்து ஒண்ணு எனக்குத் தெரியும். சாயங்காலம் கரெக்டா வந்துரும். போலாமா?" என்று கேட்டாள். அந்தமான் கருமரங்கொத்தி. நம் புத்தகத்தில் நீங்கள் பென்சிலால் வட்டம் போட்டு, 'அனுவோடு' என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறீர்களே, அதுவேதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் போகலாம், என் வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்றேன். "அது ஒங்க வீட்டுக்காரர் டிக்கெட்டெல்லாம் பாக்காது அக்கா. பொந்து புடிக்கலன்னா வேற மரத்துக்குப் போயிரும்" என்றாள். பரவாயில்லை என்றேன். இன்று அந்த மரத்தின் பக்கமாகத்தான் ஜீப் போனது. நான் வேண்டுமென்றே இந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜெயபாரதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இத்தனை தூரம் பறவை பார்க்க வந்து பறவையைப் பார்க்க மாட்டேன் என்கிற ஒரே ஆள் நான்தான் என்று அவள் இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்.

மஞ்சள் வளையம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். நம் பள்ளிக்கரணை நாள் ஞாபகம் வந்தது. பறவை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஒருவராகத்தான் நீங்கள் நின்றீர்கள். சேற்றில் பழுப்பாக ஒன்று நின்றது. அது என்ன என்று நான் பொதுவாகக் கேட்டேன். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நீங்கள் மட்டும், "வால ஆட்டுதா பாருங்க. ஆட்டிக்கிட்டே இருந்துச்சுன்னா உள்ளான். இல்லன்னா எனக்குத் தெரியாது" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். தெரியாது என்று ஒரு ஆண்பிள்ளை கூட்டத்தில் வைத்துச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

பாலத்தில் தூண்டில் போடுகிற பஞ்சாட்சரம் இருந்தாரா? என்ன சொன்னார்?

வியாழக்கிழமை ஏர்போர்ட்டுக்கு ஜெயபாரதியோடு வந்து நிற்கிறேன்.

அனு


தி. நகர்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அனுவுக்கு,

நீ ஏர்போர்ட்டில் நின்றுவிட்டு வந்துதான் இதைப் படிப்பாய் என்று தெரியும். மன்னித்துவிடு. நாகர்கோவில் பார்ட்டி ஒன்று நேற்று திடீரென்று வந்து இறங்கிவிட்டது. குடும்பத்தில் அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே பந்தலில் கல்யாணம். புடவை எடுக்கவே ஒரு பஸ் நிறைய ஆட்கள். அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் நான் சொல்லத்தான் செய்தேன். கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏல, அவ பட்சி பாக்கப் போயிருக்கா, சரி. நீ யாரப் பாக்கப் போற?" என்றார். கடைப் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த தை நிச்சயம். இது வெறும் பேச்சில்லை. அப்பாவுக்கு வயதாகிறது, அதற்குள் ஒரு மேனேஜரைப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

உன் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் இன்று விடிந்ததும் பாலத்துக்குப் போய் வந்தேன். பார்த்தால், விரால் அடிப்பான் கழுகு. முகத்துவாரத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கல்லு விழுந்த மாதிரி தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே மனசில்லை. மீனின் செதில் மினுங்கியதுகூடத் தெரிந்தது, அவ்வளவு துல்லியம். உனக்காகவே வந்த மாதிரி இருந்தது. பஞ்சாட்சரமும் இருந்தார். வழக்கம்போலத்தான், உன்னை விசாரித்தார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

சகினா வீடு அது இது என்று பேச வேண்டாம். ஊர் என்ன சொல்லும், அம்மா என்ன நினைப்பாள். திரும்பி வா, நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்,
மகேஷ்


சிடியா டாப்பு
7 பிப்ரவரி 2025

மகேஷுக்கு,

நேற்று ஏர்போர்ட்டில் கடைசிப் பயணி வெளியே வரும்வரை நின்றோம். ஜெயபாரதி ஜீப்பைத் திருப்பும்போது, "இப்பவே போனா பொந்துக்குப் போயிரலாம் அக்கா" என்றாள். போகச் சொன்னேன்.

பட்ட மரம். உயரத்தில் பொந்து. இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குச் சற்று முன்பு மரத்தைத் தட்டுகிற சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் வந்து தண்டில் ஒட்டிக்கொண்டது. முழுக் கறுப்பு, காக்கை அளவு, தலையில் மட்டும் சிவப்பு. பொந்துக்குள் போகாமல் வெளியே நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண் வெளுப்பாக இருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. என்னுடைய பைனாகுலர் இங்குள்ள ஈரத்தில் உள்ளே ஆவி பிடித்துவிட்டது. உங்களுடையதில்தான் பார்த்தேன்.

உங்களுடையது என்னிடம்தான் இருக்கிறது, மகேஷ். நீலப் பையில், உங்கள் தொப்பிக்கும் காலுறைக்கும் நடுவில், துண்டில் சுற்றி வைத்து நான்தான் எடுத்து வந்தேன். முதல் கடிதத்திலேயே பையை எடுத்து வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். வீட்டில் அது இருக்கிற அலமாரியை நீங்கள் திறந்திருந்தால் ஆணி மட்டும்தான் இருந்திருக்கும். திறக்கவில்லை. எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை.

மஞ்சள் வளையத்தைப் படித்த அன்று, யாரிடமாவது வாங்கிப் போயிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் பஞ்சாட்சரத்தைக் கேட்டேன். அவர் போன மாதமே என்னிடம், மகளுக்குப் பிரசவம், பிப்ரவரி ஆறு வியாழக்கிழமை வரை பாலத்துப் பக்கம் வரமாட்டேன், வெள்ளிக்கிழமை முதல்தான் தூண்டில் என்று சொல்லியிருந்தார். நீங்கள் அவரோடு பேசியே விட்டீர்கள்.

கடையில், இந்தச் சாயம் போகவே போகாது என்பீர்கள். அதை நான் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். என் ரசம் நன்றாக இருக்கிறது என்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வருவேன் என்றதைக்கூட நீங்களே நம்பித்தான் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று நீங்கள் இதுவரை சொன்னதில்லை. நாம் இருவரும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஒரு தடவை பள்ளிக்கரணையில் ஒருவர் இல்லாத பூநாரையைப் பார்த்ததாகச் சொன்னபோது, அவரோடு அதற்கப்புறம் பேசுவதையே நிறுத்தியவர் நீங்கள். நான்கூட, பாவம் மனுஷன் என்றேன்.

மரத்தடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பறவையைப் பார்த்து அழுகிறேன் என்று ஜெயபாரதி நினைத்துக்கொண்டாள். சில டூரிஸ்ட்டுகள் அழுவார்களாம். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கருமரங்கொத்தியைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். என் பெயரில் மட்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சென்னை வருகிறேன். சகினாவுக்குச் சொல்லியாகிவிட்டது. உங்கள் பைனாகுலரைக் கடைக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

அனுப்ரியா


மந்தைவெளி
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அனுவுக்கு,

அலமாரியைத் திறந்தேன். ஆணி மட்டும்தான் இருக்கிறது.

இன்று காலை பாலத்துக்குப் போனேன். இது நிஜம். ஞாயிற்றுக்கிழமை கடையில் என்ன கூட்டம் வரும் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்குப் போன் போட்டு, வரமாட்டேன், பாலத்துக்குப் போகிறேன் என்றேன். "எந்தப் பாலத்துக்குல?" என்றார். சொன்னேன். அப்புறம் வைத்துவிட்டார்.

சீனிவாசபுரம் வழியாக நடந்து போனேன். வழி மறந்துபோய் ஒரு தெருவில் முட்டிக்கொண்டு திரும்பினேன். பைனாகுலர் இல்லாமல் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, பையில் விட்டுக்கொண்டேன். ஓரத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரமா என்று கேட்டேன். "ஆமா. நீ யாரு சார், புச்சா கீறியே" என்றார். அனுவோட வீட்டுக்காரர் என்றேன். அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்காவுக்கு வூட்டுக்காரர் கீறாரா? எப்பவும் தனியாதான் வரும், தனியாதான் குந்திகினு இருக்கும். நான் இன்னான்னு கேக்கறது" என்றார். மகளுக்கு ஆண் குழந்தை என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

நீ தனியாகப் போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிறாய் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன். காக்கை நிறைய. பருந்து. வெள்ளையாக நின்றவை கொக்கு என்று நினைக்கிறேன், மூக்கு நிறம் இத்தனை தூரத்தில் தெரியவில்லை, ஆகவே எந்தக் கொக்கு என்று சொல்ல முடியாது. மணல் திட்டில் பொடியாக ஒரு கூட்டம் ஓடியது. உப்புக்கொத்தியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வளையம் எதுவும் தெரியவில்லை. அந்த வளையத்தைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். விரால் அடிப்பானையும்.

கிளம்பும்போது தண்ணீர் ஓரத்தில் கல் மேல் பழுப்பாக ஒன்று ஒற்றையாக நின்றது. வெகுநேரம் பார்த்தேன். என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. வெட்கமாக இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பைனாகுலரைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். அங்கே அதற்கு வேலை இல்லை. நீயே வைத்துக்கொள், உன்னுடையதுதான் ஆவி பிடித்துவிட்டதே.

மகேஷ்


சிடியா டாப்பு
10 பிப்ரவரி 2025

மகேஷுக்கு,

கடிதம் கிடைத்தது. பஞ்சாட்சரத்துக்குப் பேரன் பிறந்ததில் சந்தோஷம்.

கருமரங்கொத்தி என் பெயரில்தான் இருக்கும். அதை மாற்றப்போவதில்லை. கிண்டி ஆறுமணிக்குருவியையும் இன்று சேர்த்துவிட்டேன். நான் பார்த்தேன், அது அங்கே இருந்தது.

நாளை ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். டாக்ஸியில் வந்துவிடுவேன். கிண்டி வரை மந்தைவெளிக்கும் கொட்டிவாக்கத்துக்கும் ஒரே வழிதான். அதற்கப்புறம் டிரைவரிடம் என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யோசித்து, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். சரியாகப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள், காலையில் கிளம்புவதற்கு முன் லாட்ஜ் ஆபீசைத் திறக்கச் சொல்லிப் படித்துவிடுகிறேன். கல் மேல் பழுப்பாக நின்றதே, அது வாலை ஆட்டிக்கொண்டே இருந்ததா?

அனு